சவுண்டு எங்கப்பா போச்சு?

போன வாரம் ஒரு நாள் ராத்திரி ஒன்பது மணி இருக்கும். சாப்பிட்டுக் கை கழுவிக்கிட்டு இருக்கேன், வாசல்ல "அண்ணா... அண்ணா..."ன்னு ஒரு குரல். பக்கத்து வீட்டுத் தம்பி. இன்ஜினியரிங் பைனல் இயர். முகத்துல ஈயாடலை.

"அண்ணா, புது சிஸ்டம் ஆன் ஆயிடுச்சு. படம் வருது, நெட் வருது, கேம்கூட ஓடுது. சவுண்டு மட்டும் வரலைண்ணா. நாளைக்குக் காலையில பத்து மணிக்கு ஆன்லைன் இன்டர்வியூ!"

இந்த சிஸ்டத்தோட கதை தெரிஞ்சா உங்களுக்கும் பாவமா இருக்கும். ஒன்றரை வருஷம் சனி, ஞாயிறு கல்யாண மண்டபங்கள்ல பந்தி பரிமாறிச் சேர்த்த காசு. வீட்டில் அப்பா "பேசாம ஒரு லேப்டாப் வாங்குடா"ன்னு எவ்வளவோ சொல்லிப் பார்த்தார். இவன் கேட்கலை. ரிட்சி ஸ்ட்ரீட்ல நாலு தடவை அலைஞ்சு, கடை கடையா விலை கேட்டு, மதர்போர்டு, பிராசஸர், ரேம், எஸ்.எம்.பி.எஸ்., கேபினட்னு ஒவ்வொண்ணா வாங்கி, தானே உட்கார்ந்து அசெம்பிள் பண்ணினான். இப்போ சத்தம் வரலை. அப்பா ஹால்ல உட்கார்ந்து "நான் அன்னிக்கே சொன்னேன்ல"ன்னு ஆரம்பிச்சுட்டார். கடைக்கு போன் போட்டா, "போர்டு போயிருக்கும் தம்பி. கழட்டி எடுத்துட்டு வாங்க. கம்பெனிக்கு அனுப்பித் திரும்பி வர மூணு வாரம் ஆகும்"னு பதில். இன்டர்வியூல ஸ்கிரீனை ஷேர் பண்ணி கோடிங் எழுதிக் காட்டணுமாம். போன்ல நடக்கிற காரியம் இல்லை.

சவுண்டு வரலைன்னதும் மதர்போர்டைச் சந்தேகப்படறது, தலைவலின்னு போனவனுக்கு ஆபரேஷன் தேதி குறிக்கிற மாதிரி. புதுசா அசெம்பிள் பண்ணின சிஸ்டத்துல சத்தம் வரலைன்னா, பெரும்பாலும் ஒண்ணும் கெட்டுப் போயிருக்காது. சத்தம் எங்கேயோ போய்க்கிட்டுத்தான் இருக்கும். நாம கேட்கிற இடத்துக்கு வரலை, அவ்வளவுதான். அது எங்கே போகுதுன்னு கண்டுபிடிக்கிறதுதான் வேலை.

போய்ப் பார்த்தேன். நான் முதல்ல கம்ப்யூட்டரைத் தொடவே இல்லை. ஸ்பீக்கரைத்தான் தொட்டேன். அதோட பின்னைப் பிடுங்கி என் போன்ல ஒரு கன்வர்ட்டர் மூலமா சொருகி ஒரு பாட்டு போட்டேன். பாடுச்சு. அப்போ ஸ்பீக்கர் நல்லா இருக்கு. இந்த ஒரு நிமிஷ வேலையைச் செய்யாம ராத்திரி முழுக்க டிரைவரை ஏத்தி இறக்கின ஆட்களை எனக்குத் தெரியும்!

இதுல இன்னொரு கூத்தும் உண்டு. சின்ன ஸ்பீக்கர்கள்ல ரெண்டு வயர் வரும். ஒண்ணு யு.எஸ்.பி., இன்னொண்ணு குண்டூசி மாதிரி 3.5 எம்.எம். பின். நிறைய மாடல்ல யு.எஸ்.பி. வெறும் கரண்ட் எடுக்கத்தான். சத்தம் அந்தப் பின் வழியாத்தான் போகும். லைட் எரியுதே, பாடணுமேன்னு யு.எஸ்.பி.யை மட்டும் சொருகிட்டுக் காத்திருந்தா விடியற வரைக்கும் காத்திருக்க வேண்டியதுதான்.

அடுத்து பின்பக்கம். வரிசையா வட்ட ஓட்டைகள் இருக்கும். பச்சைதான் ஸ்பீக்கர். பிங்க் மைக். நீலம், வெளியில இருந்து ஆடியோவை உள்ளே வாங்கறது. இன்டெலும் மைக்ரோசாப்ட்டும் சேர்ந்து போட்ட பிசி 99 என்கிற வழிகாட்டி வெச்ச கலர் இது. இன்னிக்கும் பல போர்டுகள்ல அதே கலர்தான். சில புது போர்டுகள்ல மட்டும் 'ஸ்டைலா' இருக்கணும்னு எல்லா ஓட்டையையும் கருப்பாக்கி வெச்சிருக்காங்க. அப்போ மதர்போர்டு கூட வந்த புத்தகத்தைத்தான் பார்க்கணும். அதைத் தூக்கிக் குப்பையில போட்டிருந்தா கம்பெனி வெப்சைட்டுல உங்க மாடலோட மேனுவல் கிடைக்கும்.

பின்னை முழுசா, 'டக்'னு உட்காரும் வரைக்கும் அழுத்தணும். பாதியில நின்னா ஒரு வேடிக்கை நடக்கும். மியூசிக் கேட்கும், பாடறவர் குரல் மட்டும் காணாமப் போயிடும்! பேயும் இல்லை, பிசாசும் இல்லை. லெஃப்ட், ரைட் ரெண்டுக்கும் பொதுவான கிரவுண்ட் சரியா தொடலைன்னா, ரெண்டு பக்கத்துக்கும் உள்ள வித்தியாசம் மட்டும்தான் காதுக்கு வரும். பாடறவர் குரலை வழக்கமா ரெண்டு பக்கத்துலயும் சரிசமமா கலந்திருப்பாங்க. அதனால அது கழிஞ்சு போயிடும். கரோக்கி வேணும்னா இது ஒரு ஓசி வழி!

தம்பி சரியாத்தான் சொருகி இருந்தான். பச்சையில, முழுசா. சரி, உள்ளே போவோம்னு மவுஸைப் பிடிச்சேன்.

விண்டோஸ் 11-ல கடிகாரத்துக்குப் பக்கத்துல இருக்கிற ஸ்பீக்கர் படத்தை ரைட் கிளிக் பண்ணினா 'சவுண்ட் செட்டிங்ஸ்' வரும். அதுல கீழே போனா 'மோர் சவுண்ட் செட்டிங்ஸ்'. அதைக் கிளிக் பண்ணினா பழைய காலத்துச் சின்ன ஜன்னல் ஒண்ணு திறக்கும். எனக்குப் பிடிச்சதே இந்தப் பழைய ஜன்னல்தான். அதுல 'பிளேபேக்'னு ஒரு பகுதி. சத்தம் வெளியே போகக்கூடிய வழிகள் எல்லாம் அங்கே லிஸ்ட்டா இருக்கும். ஒரு பாட்டை ஓட விட்டுட்டு இதைப் பாருங்க. எது வழியா சத்தம் போகுதோ, அதுக்குப் பக்கத்துல பச்சைக் கோடுகள் ஏறி இறங்கும்.

ஏறி இறங்குச்சு. ஆனா எதுக்குப் பக்கத்துல தெரியுமா? அவனோட மானிட்டர் பேருக்குப் பக்கத்துல!

விஷயம் இதுதான். பழைய வி.ஜி.ஏ. கேபிள்ல படம் மட்டும்தான் போகும். இப்போ நாம எல்லாரும் சொருகற எச்.டி.எம்.ஐ., டிஸ்ப்ளே போர்ட் ரெண்டுலயும் படத்தோட சத்தமும் சேர்ந்தே போகும். டி.வி.க்கு இது வசதி. கம்ப்யூட்டருக்குத்தான் வம்பு. மானிட்டரைக் கண்டதும் விண்டோஸ் 'ஆகா, சத்தம் போக ஒரு வழி கிடைச்சிருக்கு'ன்னு நினைச்சு அந்தப் பக்கம் திருப்பி விட்டுடும். நம்ம தம்பி வாங்கின மானிட்டர்ல ஸ்பீக்கரே கிடையாது. பாட்டு மானிட்டர் வரைக்கும் ஒழுங்கா போய்ச் சேர்ந்து, அங்கே கேட்க ஆளில்லாம அனாதையா நிக்குது.

கிராபிக்ஸ் கார்டு வெச்சிருக்கிறவங்க இன்னொண்ணையும் கவனிக்கணும். கார்டோட டிரைவரைப் போடும்போது, அதுக்குன்னு ஒரு ஆடியோ டிரைவரும் கூடவே வந்து உட்காரும். 'நேத்து வரைக்கும் கேட்டுச்சு, கிராபிக்ஸ் டிரைவர் போட்டதும் போயிடுச்சு'ன்னு யாராவது சொன்னா, முதல்ல இந்த லிஸ்ட்டைத்தான் பார்க்கச் சொல்லுவேன். இன்னும் சில போர்டுகள்ல 'டிஜிட்டல் அவுட்புட்'னு ஒண்ணு இருக்கும். பேர் கம்பீரமா இருக்கேன்னு அதைத் தேர்ந்தெடுத்துடாதீங்க. அது ஆப்டிகல் கேபிள் போட்டு ஹோம் தியேட்டர் வெச்சிருக்கிறவங்களுக்கு.

'ஸ்பீக்கர்ஸ்'னு இருந்ததை ரைட் கிளிக் பண்ணி 'செட் ஆஸ் டிஃபால்ட்' கொடுத்தேன். அவ்வளவுதான்... ரூமே அதிர்ந்துச்சு. முக்கால் மணி நேரமா ஸ்பீக்கர் வால்யூமை முழுசாத் திருகி வெச்சிருந்திருக்கான்! ஹால்ல இருந்து அப்பா எழுந்து ஓடி வந்துட்டார். மானிட்டர் பேரை ரைட் கிளிக் பண்ணி 'டிஸேபிள்' கொடுத்துட்டேன். இனி அது குறுக்கே வராது.

கதை இங்கேயே முடிஞ்சிருந்தா நானும் போய்ப் படுத்திருப்பேன். தம்பி ஹெட்செட்டை எடுத்துக் கேபினட் முன்னாடி சொருகினான். மறுபடியும் மவுனம்.

"இன்டர்வியூக்கு ஸ்பீக்கர்ல வெச்சா எக்கோ அடிக்கும்ணா. ஹெட்செட்தான் வேணும்."

நியாயம்தான். ஆனா பின்னாடி வேலை செய்யுது, முன்னாடி செய்யலைன்னா சந்தேகம் நேரா ஒரே ஒரு வயர் மேலதான். கேபினட்டோட முன்பக்க ஓட்டைகளுக்கும் மதர்போர்டுக்கும் நடுவுல ஒரு கேபிள் ஓடும். முனையில கருப்புப் பிளக். அதுமேல 'எச்.டி. ஆடியோ'ன்னு எழுதியிருக்கும். "இதை எங்கே மாட்டினே?"ன்னு கேட்டேன். அவன் தலையைச் சொறிஞ்சான். "அதுவா... எச்.டி.ன்னு போட்டிருந்துச்சா, ஏதோ எக்ஸ்ட்ரா பீச்சர் போலன்னு சுருட்டிப் பின்னாடி சொருகிட்டேன்ணா."

சிரிக்காதீங்க. நான் செஞ்சது இதைவிட மோசம். 2003-ல என் முதல் அசெம்பிள்டு கம்ப்யூட்டர். அப்போ இன்டெலோட ஏ.சி. 97 ஆடியோ காலம். முன்பக்க ஆடியோவுக்கான முள்கள் மேல குட்டிக் குட்டியா ரெண்டு பிளாஸ்டிக் தொப்பி மாட்டியிருக்கும். 'இது எதுக்கு அழகுக்கா?'ன்னு பிடுங்கிப் போட்டுட்டேன். பின்பக்க ஸ்பீக்கர் செத்துப் போச்சு! அந்தக் காலத்து அமைப்புல சத்தம் முன்பக்கம் போய்ச் சுத்திட்டுத்தான் பின்பக்கம் வரும். முன்பக்கக் கேபிள் இல்லைன்னா அந்தத் தொப்பி ரெண்டும்தான் பாலம். பாலத்தை உடைச்சுட்டு ஆத்தைத் திட்டிக்கிட்டு இருந்தேன், ஒரு வாரம். 2004-ல எச்.டி. ஆடியோ வந்த பிறகு இந்தத் தொல்லை போச்சு. இப்போ முன்பக்கம் மாட்டாம விட்டாலும் பின்பக்கம் பாடும். தம்பி பிழைச்சான்.

அதே எக்ஸ்.பி. காலத்துல இன்னொரு தலைவலி உண்டு. பார்மட் அடிச்சதும் சவுண்டு போயிடும். டிவைஸ் மேனேஜர்ல 'மல்டிமீடியா ஆடியோ கண்ட்ரோலர்'னு மஞ்சள் கேள்விக்குறியோட ஒண்ணு முழிச்சுக்கிட்டு இருக்கும். மதர்போர்டு சி.டி. எங்கேன்னு வீடே தேடும். தெருவுல யார்கிட்ட அதே போர்டு இருக்குன்னு விசாரிச்சு சி.டி. கடன் வாங்கின தலைமுறை நாங்க! இப்போ அவ்வளவு மோசம் இல்லை. விண்டோஸ் தானாவே ஒரு பொதுவான டிரைவரைப் போட்டுக்கும்.

சரி, கேபிளுக்கு வருவோம். சிஸ்டத்தை ஷட் டவுன் பண்ணி, எஸ்.எம்.பி.எஸ். பின்னாடி இருக்கிற சுவிட்சை ஆஃப் பண்ணி, பிளக்கையும் பிடுங்கினோம். பவர் பட்டனை ஒரு தடவை அழுத்தினா மிச்சம் மீதி கரண்டும் வடிஞ்சிடும். உள்ளே கை வைக்கறதுக்கு முன்னாடி கேபினட்டோட இரும்பைத் தொட்டுக்குங்க. உடம்புல இருக்கிற ஸ்டேட்டிக் போர்டு மேல இறங்காம இருக்க.

ஆடியோ முள்கள் போர்டோட கீழ் ஓரத்துல, இடது மூலையில, பின்பக்க ஓட்டைகள் இருக்கிற பக்கமாத்தான் பெரும்பாலும் இருக்கும். பேர் மட்டும் கம்பெனிக்கு ஒண்ணு. ஒருத்தர் 'எஃப் ஆடியோ'ம்பார், ஒருத்தர் 'ஜே.ஏ.யு.டி.1'ம்பார், இன்னொருத்தர் 'ஏ.ஏ.எஃப்.பி.'ம்பார். மொத்தம் ஒன்பது முள். யு.எஸ்.பி. 2.0 முள்களும் ஒன்பதுதான். அங்கேதான் பசங்க ஏமாறுவாங்க. வித்தியாசம், காணாமப் போன பத்தாவது முள் எங்கேங்கறதுலதான். யு.எஸ்.பி.யில அது ஓரத்துல, மூலையில இருக்காது. ஆடியோவுல கடைசிக்கு முந்தின இடத்துல இருக்காது. பிளக்குலயும் அதே இடத்துல ஓட்டை அடைச்சிருக்கும். பார்த்து வெச்சா தானா இறங்கும். இறங்கலைன்னா பலத்தைக் காட்டாதீங்க. முள் வளைஞ்சா வாரன்டி பேச்சே எடுபடாது. பழைய கேபினட்ல ஒரே வயர்ல 'ஏ.சி. 97', 'எச்.டி. ஆடியோ'ன்னு ரெண்டு பிளக் தொங்கும். அதுல எச்.டி.யை மட்டும் மாட்டினா போதும்.

மாட்டினோம். ஆன் பண்ணினோம். ஹெட்செட்ல பாட்டு கேட்டுச்சு. தம்பி முகத்துல அப்பத்தான் ரத்தம் ஓடுச்சு. "மைக் டெஸ்ட் பண்ணு"ன்னேன். "ஹலோ... ஹலோ..." பதிவாகலை.

அடப் பாவமே!

அவனோட ஹெட்செட் போனுக்கு வாங்கினது. பின்னை உத்துப் பாருங்க, மூணு கருப்பு வளையம் இருக்கும். அதாவது காதுக்கும் மைக்குக்கும் சேர்த்து ஒரே பின். இவன் கேபினட்லயோ ஹெட்போனுக்கு ஒண்ணு, மைக்குக்கு ஒண்ணுன்னு தனித்தனி ஓட்டை. ஹெட்போன் ஓட்டையில சொருகினா காது வேலை செய்யும், மைக் செய்யாது. இதுக்கு ஒய் மாதிரி பிரியற ஸ்பிளிட்டர் வயர் ஒண்ணு போதும், மொபைல் கடைகள்ல கிடைக்கும். ஆனா மணி பதினொண்ணு. எந்தக் கடை திறந்திருக்கும்?

அப்போதான் மானிட்டர் மேல உட்கார்ந்திருந்த வெப் கேமரா கண்ணுல பட்டது. அதுலயே மைக் இருக்கு! சவுண்ட் செட்டிங்ஸ்ல 'இன்புட்' பகுதியில வெப் கேமரா மைக்கைத் தேர்ந்தெடுத்தோம். காதுக்கு ஹெட்செட், பேச வெப் கேமரா. விண்டோஸ் 11-லயே இருக்கிற சவுண்ட் ரெக்கார்டர்ல 'மை நேம் இஸ்...'னு ஒரு நிமிஷம் பேசிப் பதிவு பண்ணி, திருப்பிப் போட்டுக் கேட்டோம். தெளிவா இருந்துச்சு. பிரைவசி செட்டிங்ஸ்ல மைக்ரோபோன் அனுமதி ஆன்ல இருக்கா, பிரவுசர் கேட்கிற அனுமதியைக் கொடுத்திருக்கானான்னும் பார்த்துட்டேன். இன்டர்வியூ ஆரம்பிச்ச பிறகு "சார், கேன் யூ ஹியர் மீ"ன்னு பத்து தடவை கத்தறதைவிட முந்தின ராத்திரி பார்க்கறது மேல்.

இவன் கேஸ்ல லிஸ்ட்டுல பேராவது இருந்துச்சு. உங்க சிஸ்டத்துல அந்த 'பிளேபேக்' லிஸ்ட்டுல ஸ்பீக்கரே இல்லைன்னா? முதல்ல லிஸ்ட்டுக்குள்ள காலி இடத்துல ரைட் கிளிக் பண்ணி 'ஷோ டிஸேபிள்டு டிவைசஸ்' கொடுத்துப் பாருங்க, ஒளிஞ்சிருக்கலாம். அப்பவும் இல்லைன்னா டிவைஸ் மேனேஜர்ல 'சவுண்ட், வீடியோ அண்ட் கேம் கண்ட்ரோலர்ஸ்' பகுதியைத் திறங்க. ரியல்டெக்னு இருக்கணும், இல்லை பொதுவா 'ஹை டெஃபனிஷன் ஆடியோ டிவைஸ்'னாவது இருக்கணும். மஞ்சள் குறி இருந்தா டிரைவர் பிரச்னை. ஒண்ணுமே இல்லை, கிராபிக்ஸ் கார்டு பேர் மட்டும்தான் இருக்குன்னா, ரீஸ்டார்ட் பண்ணும்போது டெலீட் இல்லைன்னா எஃப்2 கீயைத் தட்டி பயாஸுக்குள்ள போய், 'ஆன்போர்டு ஆடியோ', 'எச்.டி. ஆடியோ கண்ட்ரோலர்' மாதிரி ஒரு வரியைத் தேடுங்க. டிஸேபிள்ல இருந்தா எனேபிள் பண்ணிட்டு, எஃப்10 அழுத்தி சேவ் பண்ணி வெளியே வாங்க.

டிரைவரை மதர்போர்டு கம்பெனியோட சப்போர்ட் பக்கத்துல இருந்து மட்டும் எடுங்க. மாடல் பேர் போர்டு மேலயே பெருசா எழுதியிருக்கும். கேபினட்டைத் திறக்கச் சோம்பலா இருந்தா ஸ்டார்ட்ல 'சிஸ்டம் இன்பர்மேஷன்'னு டைப் பண்ணினா 'பேஸ்போர்டு பிராடக்ட்'னு ஒரு வரியில வரும். முதல்ல சிப்செட் டிரைவர், அப்புறம் ஆடியோ, அப்புறம் ஒரு ரீஸ்டார்ட். 'உங்க டிரைவர் எல்லாம் பழசு, ஒரே கிளிக்ல சரி பண்றோம்'னு வர்ற சாஃப்ட்வேர்களை நம்பாதீங்க. காசு கேட்கும், இல்லைன்னா வேண்டாத எதையாவது இறக்கிட்டுப் போகும். ரெண்டுமே நடக்கும்.

இதெல்லாம் செஞ்சும் வரலைன்னா, போர்டைக் கழட்டறதுக்கு முன்னாடி ஒரே ஒரு டெஸ்ட். நண்பன்கிட்ட பென்டிரைவ்ல உபுண்டு போட்டு வாங்குங்க. இன்ஸ்டால் பண்ண வேண்டாம், 'டிரை'ன்னு கொடுத்து பென்டிரைவ்ல இருந்தே ஓட்டிப் பாருங்க. அங்கே சத்தம் வந்தா போர்டு நல்லா இருக்கு, கோளாறு விண்டோஸ் பக்கம். அங்கேயும் வரலை, பயாஸும் சரி, ஸ்பீக்கரும் சரின்னா... அப்போதான் கடைக்காரர் சொன்னதுல உண்மை இருக்கலாம். பில்லை எடுத்துக்கிட்டுக் கிளம்புங்க. மதர்போர்டுக்குப் பெரும்பாலும் 3 வருஷ வாரன்டி உண்டு. புது போர்டுக்கு 'சர்வீஸ் சார்ஜ்'னு கேட்டா கொடுக்காதீங்க. அது திரும்பி வர்ற வரைக்கும் சும்மா இருக்கவும் வேண்டாம். சில நூறு ரூபாய்க்கு யு.எஸ்.பி. சவுண்ட் கார்டு கிடைக்குது. சொருகினா பாடும். அதுல மைக்குக்கும் ஓட்டை இருக்கான்னு பார்த்து வாங்குங்க.

மறுநாள் காலை பத்தே காலுக்கு மாடியில துணி காயப் போடப் போனேன். அவன் ரூம் ஜன்னல் மூடியிருந்துச்சு. வாசல்ல அவங்க அப்பா யாரையும் ஹாரன் அடிக்க விடாம கையைக் காட்டிக் காட்டி வண்டிகளைத் தள்ளிப் போகச் சொல்லிக்கிட்டு இருந்தார். என்னைப் பார்த்ததும், "தம்பி உள்ள பேசிட்டு இருக்கான்"னு ரகசியமா சொன்னார். ரிசல்ட் அடுத்த வாரமாம்.

மத்தியானம் கடையில இருந்து அவனுக்கு போன் வந்திருக்கு. "போர்டு எடுத்துட்டு வரீங்களா?"ன்னு கேட்டாங்களாம். இவன் பதில் சொல்றதுக்குள்ள, சமையல் ரூம்ல இருந்து அவங்கம்மா கத்தினது எங்க வீடு வரைக்கும் கேட்டுச்சு.

"டேய், அந்தச் சத்தத்தைக் கொஞ்சம் குறைடா!"